உலகன்னானின் ஐந்து நிமிட யு.பி.எஸ்.

2009 ஜூன் 15: யு.பி.எஸ். ரூ. 1,950
2009 நவம்பர் 23: பாட்டரி. ரூ. 720
2010 மே 17: பாட்டரி. ரூ. 750
2010 நவம்பர் 8: யு.பி.எஸ்., கொஞ்சம் பெரியது. ரூ. 2,900
2011 மே 9: எர்த் குழி, உப்பு, கரி, கூலி உட்பட. ரூ. 1,140
2011 அக்டோபர் 31: யு.பி.எஸ்., இரண்டு பாட்டரி உள்ளது. ரூ. 5,600
2012 அக்டோபர் 22: யு.பி.எஸ்., கடையில் இருந்ததிலேயே சிறியது. ரூ. 1,700

தொடுபுழைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் வாழப்பிளாக்கல் உலகன்னான் வீட்டில், ஒரு கம்ப்யூட்டரைக் கரண்ட் போனாலும் அணையாமல் வைத்திருக்க மூன்றரை வருடத்தில் ஆன செலவு இது. கம்ப்யூட்டர் இந்தக் கணக்கில் சேராது. அது இனாம். குவைத்திலிருந்து லீவில் வந்த மகன், அப்பா சும்மா இருந்தால் அம்மாவோடு சண்டை போடுவார் என்று பயந்து வாங்கி வைத்துவிட்டுப் போனது. சண்டை குறையவில்லை. சண்டைக்கு ஒரு விஷயம் கூடியது, அவ்வளவுதான்.

உலகன்னான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நகல் எழுத்தராக இருந்தவர். ஊரார் நிலங்களின் நான்கு எல்லைகளையும் தினமும் எழுதி எழுதியே கை தேய்ந்தவர். அவருடைய சொந்த நிலத்தின் வடக்கு எல்லைக்குள் பக்கத்து வீட்டுக்காரன் மூன்று பலா மரம் நட்டு, அவை காய்த்தும் விட்டதை பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பலாக்காய் இரண்டு வீட்டுக்கும் வந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் வாழப்பிளாக்கல் குடும்பயோகம் குடும்ப வரலாறு எழுதும் பொறுப்பைக் கொடுத்தது. அந்தப் பக்கத்தில் கொஞ்சம் மானமுள்ள கிறிஸ்தவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் உண்டு. சங்கம் ஒவ்வொன்றும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம் வெளியிட்டாக வேண்டும். அதில் ஓர் ஆதிபிதா இருப்பார். அவருக்கு ராஜா பட்டும் வாளும் கொடுத்திருப்பார். வாள் இப்போது எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது.

வாழப்பிளாக்கல் குடும்பத்தின் ஆதிபிதா இட்டியவிரா. அவருக்கு இரண்டு மகன்கள், குரியன், சாக்கோ. உலகன்னான் குரியன் வழி. சாக்கோ வழியில் வந்தவர் அவருடைய பங்காளி குஞ்ஞேப்பு. மூத்தவன் குரியனா, சாக்கோவா? தகராறு இதில்தான். மூத்த வழிக்காரர் படம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும். குடும்பயோக விருந்தில் முதல் இலையும் அவருக்கு. போத்திறைச்சி உலர்த்து என்ற பெயரில் அங்கே எருமைக்கறியை வறுத்து வைப்பதில் நல்ல துண்டெல்லாம் முதல் பந்தியோடு தீர்ந்துவிடும் என்பதால் இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல.

"எடா குஞ்ஞேப்பு, தறவாட்டுல, நம்ம பூர்வீக வீட்டுல, இருக்கறது யாரு? நீ. நம்ம வழக்கத்துல தறவாடு யாருக்குடா போகும்? கடைக்குட்டிக்கு. அப்ப உன் சாக்கோதான் இளையவன். இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?" என்பார் உலகன்னான்.

"வீடு எங்களுக்கு வந்தது சாக்கோ இளையவன்கிறதால இல்லடா. உன் குரியன் அயல்வீட்டு ஆட்டைக் களவாண்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனான். இருந்தவனுக்கு வீடு. அவ்வளவுதான். அதையும் புஸ்தகத்துல எழுதிடு" என்பார் குஞ்ஞேப்பு.

குடும்பயோகம் ஒரு கெடு வைத்திருந்தது. 2012 நவம்பர் 30-க்குள் உலகன்னான் எழுதி முடிக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் குஞ்ஞேப்பு எழுதுவார். அப்போது குரியன் இளையவன் ஆவதோடு ஆடும் அச்சில் ஏறிவிடும்.

ஆகவே உலகன்னான் எழுதினார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால், கோழி நெல் பொறுக்குவதுபோல. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரும் நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பால் விடாத கட்டன் சாயாவும் குடித்த பிறகு. துலா மாதம் என்கிற ஐப்பசியிலும், சித்திரை வைகாசியிலும், அந்த ஊரில் இடி வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

தொடுபுழைப் பக்கத்து இடியைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. பேசுகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவார்கள். கிழக்கு மலை கறுத்து முதல் உறுமல் கேட்டதும் வீட்டுக்கு வீடு பெண்கள் எழுந்து டி.வி., கேபிள், போன், மோட்டார் என்று வரிசையாகச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டே போவார்கள். உலகன்னான் வீட்டில் அந்த வேலை அவர் மனைவி ஏலிக்குட்டியுடையது. யு.பி.எஸ். பிளக்கும் அதில் ஒன்று. பிடுங்கியதும் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தத் தொடங்கும். உலகன்னான் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே இருப்பார். கரண்ட் இல்லாதபோது எழுதத்தானே காசு கொடுத்து இதை வாங்கியது? கத்தல் நீளமாகி, திரை கறுத்து, அதுவரை எழுதியது மொத்தமும் போனதும்தான் எழுந்திருப்பார். பிடுங்கிய பிளக் அப்படியே தரையில் கிடக்கும். மறுநாள் தூங்கி எழுந்து, சாயா குடித்து, உட்காருவதற்கு முன்னால்தான் அதைச் சொருகுவார். அரை மணி நேரத்தில் இடி வரும்.

முதல் துலா மாதமே பாட்டரி செத்தது. உலகன்னான் யு.பி.எஸ்.ஸைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொடுபுழைக்குப் போனார். கடைக்காரன் பினோய் முதலில் அதைத் திட்டினான், பிறகு அவரை.

"சாரே, இதுல வேற என்ன மாட்டியிருந்தீங்க?"

"பிரிண்டர்."

"எது, அந்தப் பெரிசா? அது சூடாக இழுக்கற கரண்ட்டுக்கு இந்தச் சின்ன டப்பா தாங்குமா? உங்க வீட்டுச் சேடத்தி பிரியாணிச் செம்பை ஆட்டுக்குட்டி முதுகுல ஏத்துவாங்களா?"

பிரிண்டரைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்கள். அது நியாயம்தான். அன்று முதல் யு.பி.எஸ். பிரிண்ட் எடுக்கும்போது அலறவில்லை. ஆனால் மேமாதம் மறுபடி செத்தது. பினோய் புது பாட்டரி போட்டு, அதை ஒரு ராத்திரி கடையில் வைத்து சார்ஜ் ஏற்றி, நூறு வாட் பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டுக் காட்டினான். பல்பு ஜம்மென்று எரிந்தது.

"இங்க நல்லாத்தானே இருக்கு சாரே. உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு."

வீட்டில் கோளாறு என்றதும் ஊரில் எல்லாருக்கும் ஒவ்வொரு யோசனை வந்தது. எலெக்ட்ரீஷியன் தங்கப்பன், எர்த் காய்ந்துபோயிருக்கிறது என்றான். புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அதன் பலனாகக் குழிக்குப் பக்கத்தில் நின்ற பப்பாளி மரம் செத்தது. யு.பி.எஸ். பிழைக்கவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வாட் என்று நினைத்துக்கொண்டதுதான் தப்பு, நிஜத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும் என்று பதிவு அலுவலகத்துப் பழைய சிநேகிதர் ஒருவர் விளக்கினார். அதுவும் சரிதான். அதைக் கேட்டு உலகன்னான் பெரியது வாங்கினார். பிறகு அதைவிடப் பெரியது. பெரியது வந்ததும் இன்னும் அதிக நேரம் பிளக்கில்லாமல் எழுதினார். அது இன்னும் சுத்தமாகக் காலியாகி, இன்னும் அமைதியாகச் செத்தது.

இந்தக் களேபரத்தில் ஒவ்வொரு தடவையும் தவறாமல் அழிந்துபோனது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரே ஒரு வாக்கியம். 'அவர்களுள் மூத்தவர் குரியன்' என்று வரும் இடம். வெறுமனே அப்படி எழுத உலகன்னானுக்கு மனம் வரவில்லை. யாரும் மறுக்க முடியாதபடி, பத்திர நடையில், சகல வில்லங்கமும் நீக்கி எழுத ஆசை. எழுதி முடிக்கும் சமயத்தில் திரை கறுக்கும்.

"பொய் எழுதினா இடி விழாம பூவா விழும்?" என்றாள் ஏலிக்குட்டி. "என் மனுஷனே, அந்த வரியத் தொடும்போது மட்டும் கரெக்டா வானம் பொளக்குது. இட்டியவிரா அப்பன் மேல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"அவரு பாத்துக்கிட்டு இருந்தா யாரு மூத்தவன்னு நேராச் சொல்லிட்டுப் போகட்டுமே."

"சொல்லிட்டுத்தான் இருக்காரு. உங்களுக்குத்தான் காது கேக்கல. பதிமூவாயிரத்துக்கு ஒரு நல்ல எருமைக்கன்னு வாங்கியிருந்தா இந்நேரம் அது கன்னு போட்டிருக்கும். காலையில உக்காந்து எழுதுங்கன்னா அதுவும் கேக்க மாட்டீங்க. இடி என்ன காலையிலயா வருது?"

காலையில் எப்படி எழுதுவது? காலையில் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அங்கே எல்லாரும் முதலில் திருப்பும் பக்கம் அதுதான். உலகன்னானோ குடும்ப வரலாறு எழுதுபவர். வாழப்பிளாக்கல்காரன் எவனாவது போயிருந்தால் புத்தகத்தில் அவன் பெயருக்கு முன்னால் சிலுவை போட வேண்டும். யாரும் போகவில்லை என்றாலும் மற்ற குடும்பங்களில் யார் போனார்கள், எத்தனை மக்கள், எத்தனை பேர் அமெரிக்காவில் என்று பார்த்து முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். பிறகு அடக்கத்துக்குப் போக வேண்டும்.

2012 அக்டோபரில் இரட்டை பாட்டரியும் செத்தது. கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். உலகன்னான் ஆட்டோ பிடித்து அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூன்று மணி. பினோய் மேஜைமேல் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "சாரே, இனி இந்த டப்பா விளையாட்டெல்லாம் விட்டுட்டு வீடு மொத்தத்துக்கும் ஒரு இன்வெர்ட்டர் போட்டுருங்க" என்று தொடங்கினான். விலைக்கு வருவதற்குள் கிழக்கே ஓர் உறுமல்.

பினோய் மேஜையைத் தாண்டிக் குதித்தான். கடையின் மூலையில் எல்லா ஒயரும் வந்து சேரும் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினான். அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த யு.பி.எஸ். அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. பன்றிக்குட்டிச் சந்தைபோல இருந்தது. பினோய் காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் ஒன்று தொண்டை கட்டி நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம்.

உலகன்னான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடா மோனே, அந்தப் பிளக்கத் திருப்பி எப்பச் சொருகுவே?"

"மழை விட்டதும், சாரே. இல்லாட்டி நாளைக்குக் காலையில. ஏன்?"

"அதுவரைக்கும் அது பூரா வெறும் வயித்தோட கிடக்குமா?"

"கிடக்கட்டுமே. இடி விழுந்து கருகறதுக்கு அது தேவலாம்தானே."

"வருஷத்துக்கு உன் கடையில எத்தனை பாட்டரி சாகுது?"

"அத ஏன் கேக்கறீங்க! கம்பெனிக்காரன் அனுப்பற சரக்கு மட்டம், சாரே. ஒண்ணும் உருப்படியா ஒரு வருஷம் நிக்கறதில்ல."

"உன் வீட்டுலயும் இப்படித்தானா?"

"எங்க வீட்டுல அம்மை பிடுங்கிடுவாங்க."

உலகன்னான் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்றரை வருடமாக அவர் சந்தேகப்படாதது எதுவும் இல்லை: பாட்டரி, கம்பெனி, எர்த், வோல்டேஜ், பிரிண்டர், குஞ்ஞேப்புவின் கண். சந்தேகப்படாதது சுவரிலிருந்து பிடுங்கிய கையை மட்டும். சுத்தமாகக் காலியாகி அப்படியே கிடக்கும் பாட்டரி திரும்ப உயிர் பிடிக்காது. அதை யார் சந்தேகப்படுவார்கள்? இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது நெற்றியில் சிலுவை போடுவதுபோல. அதில் கோளாறு இருக்கும் என்று கடைக்காரனுக்கே தோன்றவில்லை. ஊர் மொத்தமும் இடிக்குப் பயந்து பாட்டரிகளைப் பட்டினி போட்டுக் கொன்று, பினோய்க்கு மாடி வீடு கட்டிக் கொடுத்திருந்தது.

பிளக்கைப் பிடுங்காமல் விட்டால் போயிற்றா? அதுவும் முடியாது. அந்தச் சித்திரையில்தான் பக்கத்து வீட்டு டி.வி. வெடித்து, போன் சுவரைவிட்டுத் தெறித்து வந்து கஞ்சிப் பாத்திரத்தில் விழுந்தது. பிடுங்கினால் பாட்டரி சாகும், பிடுங்காவிட்டால் எல்லாமே சாகும். இன்வெர்ட்டரும் அதே சுவரில்தான் தொங்கப்போகிறது. மழை விடும்வரை யோசித்த உலகன்னான் எழுந்து, அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார்.

"அந்தச் சின்னதைக் குடு."

பினோய் பயந்துபோனான். "சாரே, இது அஞ்சு நிமிஷம்கூட நிக்காது. உங்க மானிட்டர் பழசு, அது வேற இழுக்கும்."

"எழுதினதக் காப்பாத்தி வெச்சுட்டு எழுந்து போக எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். உக்காந்து எழுதறதுக்கு நான் இத வாங்கல."

வீட்டில் சட்டம் மாறியது. ராத்திரி முழுவதும் பிளக் சுவரில் இருக்கும். உறுமல் கேட்டால் எழுதியதைச் சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்து, யு.பி.எஸ்.ஸின் சொந்த சுவிட்சையும் அணைத்து, அதன் பிறகே ஏலிக்குட்டி பிடுங்கலாம். மழை விட்டதும் அவளே சொருக வேண்டும். முக்கியமான மாற்றம், மரண அறிவிப்புப் பக்கத்தை மதியத்துக்குத் தள்ளினார். செத்தவர்கள் காத்திருப்பார்கள்.

"முதல் வருஷமே இதத்தானே சொன்னேன்?" என்றாள் ஏலிக்குட்டி.

"நீ காலையில எழுதுன்னு சொன்னே. பிளக்கைப் பத்திச் சொன்னியா?"

"பிளக்கப் பத்தி நான் எதுக்குச் சொல்லணும்? நான்தானே பிடுங்கினேன்!"

ஐந்து வாரத்தில், மூன்று வருடத்தில் எழுதாததை எழுதினார். பிறப்பு, இறப்பு, கல்யாணம், யார் பெண்ணை எந்த வீட்டில் கொடுத்தது, யார் மடத்தில் சேர்ந்தது, எல்லாம். முந்நூறு பக்கம் திரண்டது. பாக்கி இருந்தது அந்த ஒரு வாக்கியம். ராசியில்லாத வாக்கியம் என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. குடும்பயோகத்தின் காரியதரிசி மாத்துக்குட்டி, அச்சகத்துக்குக் கொண்டுபோக ஜீப்பில் வந்துவிட்டார். ஆறு மணிக்குள் மூவாற்றுப்புழையில் கொடுத்தால்தான் கிறிஸ்துமஸுக்கு முன் அச்சாகும். கூடவே குஞ்ஞேப்புவும் வந்திருந்தார், காவலுக்கு. இருவருக்கும் ஏலிக்குட்டி கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தாள். குஞ்ஞேப்பு தட்டோடு வந்து உலகன்னானின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்னடா, இன்னும் முடியலியா? ஆடு எந்தப் பக்கத்துல வருது?"

"மீன்முள்ளு தொண்டையில மாட்டிக்கப் போகுது. வாயமூடித் தின்னு."

உலகன்னான் தட்டினார்: 'இட்டியவிரா அவர்களுக்கு ஆண் மக்கள் இருவர். அவர்களுள் மூத்தவர்'

உறுமலே இல்லை. எங்கோ ரப்பர்க் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்திருக்க வேண்டும். மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். பீப் என்றது.

கரண்ட் இனி எப்போது வரும் என்பது கர்த்தருக்கு மட்டுமே தெரியும். முந்நூறு பக்கமும் இன்னும் கம்ப்யூட்டருக்குள். மாத்துக்குட்டியின் பென் டிரைவ் மேஜைமேல் இருந்தது.

"உலகன்னான் சேட்டா, காப்பி பண்ணுங்க!" என்றார் மாத்துக்குட்டி.

"ஒரு வார்த்தைதான். இதோ..."

அவர் ஆள்காட்டி விரல் 'கு'வைத் தேடிக் கிளம்பியது. அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தை அல்ல. வில்லங்கமில்லாத ஒரு முழு வாக்கியம். பீப் வேகமானது.

"மனுஷனே," என்றாள் ஏலிக்குட்டி. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை. "நீங்கதானே சொன்னீங்க, இது எழுதறதுக்கு இல்லன்னு."

விரல் அந்தரத்தில் நின்றது. பின்னால் குஞ்ஞேப்பு கப்பையை மெல்வதையும் நிறுத்தியிருந்தார். உலகன்னான் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுச் சேமித்தார். பென் டிரைவைச் சொருகினார். திரையில் பச்சைக் கோடு எறும்புபோல ஊர்ந்து மறுகோடி சேர்ந்ததும் பிடுங்கி மாத்துக்குட்டியின் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தார். யு.பி.எஸ். கடைசியாக ஒரு தடவை முனகியபோது அதன் சுவிட்சையும் அணைத்தார்.

"அந்த ஒரு வரியை நாளைக்கு போன்ல சொல்றேன், மாத்துக்குட்டி. சேத்துக்கோ."

"நீங்க போன் பண்ணினா குஞ்ஞேப்பு சேட்டனும் போன் பண்ணுவாரு. இன்னிக்குத் தேதிக்கு இதுல என்ன இருக்கோ அதுதான் புஸ்தகம்" என்று சொல்லிவிட்டு மாத்துக்குட்டி ஜீப்பில் ஏறினார். குஞ்ஞேப்பு சிரித்துக்கொண்டே கை கழுவினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "எடா, அந்த டப்பா என்ன விலை? எங்க வீட்டுல மூணு செத்துது."

டிசம்பர் 19-ஆம் தேதி, குடும்பயோகத் தலைவரான பாதிரியார் அச்சனிடமிருந்து இரண்டு வழிக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. 'மூத்தவர்' என்ற சொல்லுக்குப் பிறகு அச்சுக்கு வந்த பிரதியில் ஒன்றும் காணப்படாததால், கமிட்டி கூடி ஆலோசித்து, குரியனும் சாக்கோவும் இரட்டையர் என்று அச்சிடத் தீர்மானித்திருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு வழிக்காரர் படமும் வரும். முதல் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.

ஏலிக்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலையில் குஞ்ஞேப்பு போன் செய்தார்.

"இரட்டைன்னே வெச்சுக்குவோம்டா. முதல்ல வெளிய வந்தது யாரு?"

"குரியன்தான். சந்தேகமென்ன!"

இருவரும் தனித்தனியே அச்சனுக்கு எழுதினார்கள். உலகன்னானின் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்தது, நான்கு பக்கம், நடுவில் ஒருமுறைகூட அணையாமல். பதில் ஒரு கார்டில் வந்தது. 'இருவரும் ஒரே நேரத்தில் பிறந்தார்கள். அச்சாகிவிட்டது. இனி எழுத வேண்டாம்.'

அந்தக் கார்டு வந்து சேர்ந்தது 2013 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை.